பிறர் கை தாங்கிய கனகேஸ்வரி அம்மையாருக்கு

கத்தியும் கத்தரியும் கைமாறும் கூடத்தில் கலங்காத கண்ணினரே! மயங்கிக் கிடப்போர் அறியாமலே அவர்தம் கரம் தாங்கிய கருணையே! கண்டிப்பைக் கவசமாகவும் கனிவை உயிராகவும் கொண்டு, பச்சை அங்கிக்குள் ஒரு வாழ்நாளையே ஒப்படைத்த எங்கள் மூத்த சிஸ்டர் கனகேஸ்வரி அம்மையாரே! 1988ஆம் ஆண்டின் இந்த மழை மாலையில் மகிழ்ந்தல்ல, மனம் நொந்தே உங்களை வணங்குகிறோம்.

இந்தப் பணி ஓய்வு விழாவில் யாரும் அழக்கூடாது என்று ஆணையிட்டீர்கள். சிஸ்டரின் ஆணையை மீறிய ஊழியர் இந்த அறுவைக் கூடத்தில் உண்டா? இன்று உண்டு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் "போதும்லா" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகையால் சற்று நேரம் சபையை நோக்கிப் பேசுகிறோம். நீங்கள் தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள்.

சபையோரே! தோள்மூட்டின் எலும்புப் பந்தின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். அது தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். சட்டை மாட்டுவதே தண்டனையாகும். அந்தப் பந்தை அகற்றி, காம்பு வைத்த உலோகப் பந்தைப் பொருத்துகிறார் எங்கள் டாக்டர் விநாசித்தம்பி. அவர் பொருத்தி முடிக்கும்வரை, நோயாளியின் கையை ஒருவர் துணிக்கடியில் தாங்கி, திருப்பச் சொன்னால் திருப்பி, உயர்த்தச் சொன்னால் உயர்த்தி, தம் கை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். பேரும் புகழும் இல்லாத வேலை. புதிதாக வந்தவர்கள் நழுவப் பார்க்கும் வேலை. அதைச் சிஸ்டர் தம் வேலையாக்கிக்கொண்டார்.

கடைசியில் வலி அவர் தோளிலேயே குடியேறியது. வலக்கையால் வாரி முடிய முடியாமல் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டில் இருந்ததையெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறக்கினார். ஒழுங்குக்காகத்தான் இறக்குகிறார் என்று நம்பினோம். எத்தனை மந்தமான கூட்டம் நாங்கள்!

எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டில் தேய்வதற்கு மிச்சமே இல்லை என்று தெரிந்தது. அவர் அளவுக்கான உலோகப் பந்து வெளிநாட்டிலிருந்து வந்து சேரப் பல மாதங்கள் பிடித்தன. ஒருவழியாக வந்தது, அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த வாரமே கடலுக்கு அக்கரையில் உள்ள புக்கிட் தெங்காவில் தொழிற்சாலைப் பேருந்து ஒன்று கவிழ்ந்து, சபூரா என்ற இளம் பெண் தோள் நொறுங்கிய நிலையில் பாலம் தாண்டிக் கொண்டுவரப்பட்டாள். அவளுக்கும் அதே அளவுதான் பொருந்தும். கையிருப்பில் வேறில்லை. தாமதித்தால் நொறுங்கிய எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும்.

"அந்தப் புள்ளைக்கு வெச்சிருங்க, டாக்டர்," என்றார் சிஸ்டர்.

"அடுத்தது வர்ற வரைக்கும் உங்க தோள் தாங்காது, சிஸ்டர். அப்புறம் நான் என்ன செஞ்சாலும் கையைத் தூக்க வராது."

"அவ கைக்குழந்தைக்காரிலா. எனக்குத் தூக்குறதுக்கு யாரு இருக்கா?"

டாக்டர் அறுவைப் பட்டியலில் சிஸ்டரின் பெயரை அடித்துவிட்டுச் சபூராவின் பெயரை எழுதினார்.

அந்த அறுவையிலும் சபூராவின் கையைத் தாங்கி நின்றவர் அவரேதான். வலக்கைக்கு இடக்கையை முட்டுக்கொடுத்து நின்றார். முடிந்ததும் கருவி கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. நாங்கள் கதவைத் தட்டவில்லை.

டாக்டர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அடுத்த உலோகப் பந்து வருவதற்குள் சிஸ்டரின் தோள் தசைநார்கள் நைந்து கிழிந்துவிட்டன. இனி அறுவை செய்தும் பயனில்லை என்று சொல்லும்போது டாக்டரின் குரல்தான் உடைந்தது. சிஸ்டர் இடக்கையால் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எங்களுக்கு இதில் ஆறுதல் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மனம் வரவில்லை.

அம்மையாரே! மீண்டும் உங்கள் பக்கம் திரும்புகிறோம். சபூராவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கினீர்கள். இன்று காலை சொல்லிவிட்டோம். "அன்னிக்கே ஏன் சொல்லல? நான் வேணாம்னு சொல்லியிருப்பேனே!" என்று எங்களைத் திட்டித் தீர்த்தாள். அதற்கு அஞ்சித்தான் நீங்கள் எங்கள் வாயைக் கட்டினீர்கள் என்று அவளிடம் சொன்னோம். பிறகு அழுதாள்.

வலி தணிந்து, உறக்கம் கூடி, பேச்சுத் துணை குறையாமல் நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களில் யாரேனும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம்; திட்டினாலும் போகமாட்டோம்.

ஓய்வு பெறுவோர் தமக்கு வாசித்தளித்த வாழ்த்து மடலைத் தலைக்கு மேல் உயர்த்திச் சபைக்குக் காட்டுவது இக்கூடத்தின் வழக்கம். இம்மடலைப் பதித்த கண்ணாடிச் சட்டம் கனமானது. இதை உங்களிடம் தரப்போவதில்லை. நீங்கள் அமர்ந்தே இருங்கள். பின்வரிசையில் இருந்து சபூரா எழுந்து வருவாள். உங்களுக்கென்று கடல் கடந்து வந்த உலோகம் அவள் தோளில் இருக்கிறது. அந்தக் கையால் அவள் இதை உங்களுக்காக உயர்த்திப் பிடிப்பாள்.

உங்கள் குரல் கேட்டால் இன்னும் நிமிர்ந்து நிற்கும்,
அறுவைக் கூட ஊழியர்கள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.