வக்கீல் விட்மோர் இதோ வந்துக்கிட்டே இருக்காரு

இருங்க மேடம், அந்தக் காமெடிய இப்பவே சொல்லிட்டா ருசி போயிரும். சொன்னேன்னா சத்தியமா அந்த மாஸ்குக்குள்ளயே உங்களுக்குப் புரையேறிரும். ஆனா இப்ப இல்ல, கொஞ்ச நேரம் ஆகட்டும். யாரு, வக்கீல் விட்மோரா? எங்கம்மாவுக்காகப் போன் பண்ணவருல்ல, வந்துருவாரு. வண்டி நிறுத்த இடம் தேடிக்கிட்டு இருப்பாரு. க்ரோஸ் பாயிண்ட் பணக்காரரு, அவ்ளோ பெரிய காரு, இந்த ஏரியாவுல விட்டுட்டுப் போனா திரும்பி வர்றப்ப நாலு சக்கரமும் இருக்குமான்னு யோசிப்பாருல்ல? சிரிங்க மேடம், பரவால்ல. எங்க ஏரியாவ நாங்களே கிண்டல் பண்ணிக்கலாம்.

தள்ளித்தான் நிக்கிறேன். ஆறடி. பாருங்க, மஞ்ச டேப்ப என் ஷூ தொடவே இல்ல.

நானா? லவெல். இப்ப சக்கர நாற்காலியில உள்ள கூட்டிட்டுப் போனீங்களே, வெர்னீட்டா டாலிவர்னு, அது எங்கம்மா. எனக்குப் பதினாறு. இல்ல மேடம், இருமல் கிருமல் ஒண்ணும் கிடையாது. நடுக்கம் குளிருக்கு. டெட்ராய்ட்ல ஏப்ரல் மாசம் என்னிக்கு மேடம் குளிராம இருந்துச்சு?

ஐயோ, எந்திரிக்காதீங்க! வக்கீல் இன்னும் வரலன்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணுமா என்ன? ரெண்டே நிமிஷம். அதுக்குள்ள ஒருத்தர மாதிரி பேசிக் காட்டுறேன், யாருன்னு சொல்லுங்க பாப்போம். ம்ம்ம், விரலக் குடும்மா. ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு. அருமையான நம்பர். வீட்டுக்குப் போ, தண்ணி குடி, தூங்கு. அடுத்த ஆளு!

அவரேதான! செவ்வாக்கிழமை இந்த ஆஸ்பத்திரி வாசக் கூடாரத்துல உக்காந்திருந்த குறுந்தாடிக்காரரு. அன்னிக்கு மொத தடவை வந்தோம். சனிக்கிழமை திரும்ப வந்தோம். அன்னிக்கு மூக்கால பேசுற ஒரு அம்மா. தொண்ணூத்தி நாலு. கொரோனான்னு பயந்தா எல்லாருக்கும்தான் மூச்சு முட்டும். போய் டிவிய நிறுத்து. அப்படின்னுச்சு. எங்கம்மாவுக்கு உதடு சாம்பலாப் போயிருந்துச்சு மேடம். நான் கை நீட்டிக் காட்டுனேன். எங்க கறுப்பு இப்படி இருக்காதுங்க, நல்லாப் பாருங்கன்னேன். அந்தம்மா உதட்டப் பாக்கல, விரல்ல மாட்டுன கிளிப்பத்தான் பாத்துச்சு.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இஞ்சி சோடாவச் சுட வச்சுக் குடுத்தேன். எங்க ஊருல எல்லாத்துக்கும் அதான் மருந்து. ரெண்டு மடக்கு குடிக்க அரை மணி நேரம்.

எங்கம்மா திட்டுறத நீங்க கேட்டிருக்கணும். ஒரே மூச்சுல வரும். லவெல் அந்தோணி டாலிவர் இந்தச் சட்டிய யாரு கழுவுவா மேயர் வந்து கழுவுவாரா மூணு எண்ணுறதுக்குள்ள நீ இங்க நிக்கலன்னா உன் தோலு உன் மேல நிக்காது! நடுவுல எங்கயும் மூச்சே விட மாட்டாங்க. நேத்து எப்படித் தெரியுமா? லவெல்... அந்தோணி... சட்டி. அவ்ளோதான். சட்டியோட நின்னுபோச்சு. அவங்களச் சிரிக்க வைக்கலாம்னு அதையும் நான் அப்படியே பேசிக் காட்டுனேன் மேடம். எனக்கே மூச்சு முட்டிருச்சு. நல்லா இருக்குற நுரையீரல வச்சுக்கிட்டே. அப்பவே திரும்ப இங்க கூட்டிட்டு வரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஏன்னா எங்க வீட்லருந்து ரெண்டு வீடு தள்ளி மிஸ் ஓடெஸா இருந்தாங்க. ஸ்கூல் பஸ் ஓட்டுனவங்க. டேய் பொடியா, என் புல்லுல கால வச்ச, கால எடுத்து உன் கையிலயே குடுத்துருவேன்! என்கிட்ட இருக்குற குரல்லயே அதான் பெஸ்ட்டு. அவங்களும் இந்தக் கூடாரத்துக்குத்தான் வந்தாங்க. அவங்களுக்கும் தொண்ணூத்தஞ்சுதான். வீட்டுக்குப் போன்னாங்க, போனாங்க. வியாழக்கிழமை நான் போய்க் கதவத் தட்டுறேன், நாற்காலியில உக்காந்தது உக்காந்தபடி... டிவி மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப அந்தக் குரல் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதப் பண்ணா வீட்ல யாரும் சிரிக்கிறதில்ல.

இல்ல, யாரும் கூப்பிடல. சும்மா போனப் பாத்தேன். அம்மாகிட்ட சொல்லி அனுப்பிருக்கேன், மேல கட்டில்ல போட்டு ஆக்சிஜன் வச்ச உடனே எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, ஒண்ணும் எழுத வேணாம், ஒத்தப் புள்ளி போதும்னு. இன்னும் வரல. வரும்.

என்னது, அம்மாவுக்கு விட்மோர் வீட்ல பதினோரு வருஷமா வேலையா? அப்படியா சொன்னாரு? ஆ... ஆமா. இல்ல, லாண்டரி வேலையும்தான். இந்த ஆஸ்பத்திரிப் போர்வை பூராவும் அம்மா வேலை பாக்குற லாண்டரிக்குத்தான் போவுது. நோயாளிங்க போர்வையும் சேத்து. கையுறை மார்ச் மாசமே தீந்துபோச்சு. இப்ப மேல அம்மாவுக்குப் போத்துறதே அவங்க துவைச்சதாத்தான் இருக்கும். விட்மோர் வீட்டுக்கு எப்பப் போவாங்களா? அது... ஞாயித்துக்கிழமை.

இன்னிக்குக் காலையில அந்தப் போன எடுத்தது நீங்களா! ஓஹோ. எப்படிப் பேசுனாரு? ரொம்ப மரியாதையாவா? கேக்கும்போதே எந்திரிச்சு நின்னுட்டீங்களா? ஹா! பேசி மூணு நிமிஷத்துல சக்கர நாற்காலி வாசலுக்கே வந்துச்சே மேடம். அதே எங்கம்மா, அதே விரல். கிளிப்புல இன்னிக்கும் தொண்ணூத்தி நாலுதான். ஆனா இன்னிக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க பாருங்க, அதுல எண்பத்தி நாலு. கறுப்புத் தோலுல அந்தக் கிளிப்பு கூட்டித்தான் காட்டுமாம். நர்ஸ் கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. செவ்வாக்கிழமையே எடுத்திருக்கலாம் இல்ல? மிஸ் ஓடெஸாவுக்கும்...

மேல ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம்னீங்களே மேடம். அது அம்மாவுக்குத்தான? வக்கீல் வரலன்னா வேற யாருக்காவது குடுத்துர மாட்டீங்கல்ல?

ஏன் மேடம் அப்படிப் பாக்குறீங்க? போன்ல எப்படிச் சொன்னாராம்? மிஸ் வெர்னீட்டான்னா?

ம்ம்.

சொல்ல மாட்டாருதான். வெள்ளக்கார வக்கீலு வீட்டு வேலைக்காரிய எதுக்கு மிஸ்னு சொல்லப் போறாரு. வெர்னீட்டான்னு மொட்டையாத்தான் சொல்லுவாரு. பேப்பர்லயும் மொட்டையாத்தான் எழுதி வச்சிருந்தேன். சொல்லத்தான் வாய் வரல மேடம். எங்க தெருவுல பெரியவங்கள மொட்டையாப் பேர் சொன்னா பல்லு வாயில தங்காது. இதுல பெத்தவங்கள எப்படிச் சொல்ல? அந்த வெள்ளக்காரக் குரலே அவங்க கத்துக் குடுத்ததுதான். கேஸ் ஆபீஸுக்கு, ஸ்கூலுக்கு, யாருக்குப் போன் போட்டாலும் அம்மாவுக்கு வேற குரல் வந்துரும். எங்காளுங்க வீட்ல எல்லார்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கும், சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போற சட்ட மாதிரி.

இருங்க இருங்க. போன் அதிருது.

புள்ளி. மேடம், புள்ளி வந்துருச்சு! ஒண்ணு இல்ல, மூணு!

சரி, காமெடி சொல்றேன்னேன்ல. கண்ண மூடிக்கங்க. க்கும். வணக்கம். க்ரோஸ் பாயிண்டிலிருந்து வழக்கறிஞர் ஹால்டன் விட்மோர் பேசுகிறேன். உங்கள் வாசலில் மிஸ் வெர்னீட்டா டாலிவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். அவரை மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பினால் அதற்கான காரணத்தை நான் எழுத்தில் கேட்பேன்.

சிரிப்பு வரலல்ல? எனக்கும் வரல.

ஏன் மேடம் அந்த அட்மிஷன் பேப்பர என்கிட்ட நீட்டுறீங்க? வக்கீல் போட வேண்டிய கையெழுத்தா, நானா?

யார் பேர்ல மேடம் போடணும்?