ஒரே திருப்பில பிடிக்கணும்

வேண்டாம் மக்கா, பழசைத் திரும்ப மாட்டாத. யோசிச்சுத்தான் உன்னைத் தக்கலையிலேருந்து வரச் சொன்னேன். ஒரிஜினலா இருந்தாத்தான் வண்டிக்கு மதிப்புன்னு நீ சொல்லுதது எனக்கு விளங்குது. அறுபத்தேழாம் வருசத்து ஃபியட்டு, ஒரு பாகமும் மாத்தல்லன்னு எனக்க வீட்டுக்காரரு குமாரதாஸ் சாரு, உயிரோட இருக்கும்போ ஊரெல்லாம் சொல்லிட்டு நடப்பாவ. மதிப்பை வச்சு நான் என்ன செய்ய, விக்கவா போறேன்? நீ அந்த எலக்ட்ரானிக் இக்னிஷனையே போடு.

அதுல இந்தத் தீப்பொறிக்குள்ள பாயிண்டு கிடையாது, இல்லியா? அரம் வச்சு ராவ வேண்டாம், இடைவெளி பாக்க வேண்டாம், மழைன்னா துணி வச்சுத் துடைக்க வேண்டாம். தாக்கோலைப் போட்டுத் திருப்பினா ஸ்டார்ட்டு பிடிக்கும். யாரு திருப்பினாலும் பிடிக்குமா? பொம்பளை திருப்பினாலும்? சிரிக்காத, காரியத்தோடதான் கேக்கேன்.

சாயா ஆறுது, குடி.

எனக்க கொழுந்தன் ரசலையனை நீ அறிவியா? அவியளுக்க கூடப்பிறந்த தம்பி, அடுத்த வீடு. இந்த வண்டிக்கு பாயிண்டு ராவி வைக்க அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். பழைய கல்யாண அட்டையைக் கிழிச்சு மடக்கி, இடையில நுழைச்சு அளவு பாப்பான். எத்தனை மடக்குன்னு எனக்க மகன் ரெஜின் கேட்டான், சொல்லல்ல. அவிய கேட்டாவ, உனக்கு எதுக்குண்ணா, நான் இல்லியான்னு பறைஞ்சான். காரு வாங்கினது அண்ணன். தம்பி வந்து பானட்டைத் தொறக்காம அது வாசல் தாண்டாது. ஞாயித்துக்கிழமை நாங்க உடுத்து ஒருங்கி வண்டிக்குள்ள இருப்போம், கோயில்ல முதல் மணி அடிச்சாச்சு, இவன் அப்பத்தான் பல்லு தேச்சிட்டு நிப்பான்.

அவிய மரிச்ச பொறவு நான் ஓட்டப் படிச்சேன். ஆமா, அம்பத்தெட்டு வயசில. லைசென்ஸ் உண்டு மக்கா. போன மழைக்கு, எங்க சபைப் பெண்கள் சங்கத்துக்காரிகள் நாலு பேரை ஏத்திட்டு திற்பரப்புக்கு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டேன். பிடிக்கல்ல. ரசலையனுக்கு ஆளு விட்டேன், முக்கால் மணிக்கூர் கழிச்சு வந்தான். இரண்டே நிமிசம், பிடிச்சிட்டு. பானட்டை அடைச்சுட்டு அவளுவளுக்கு முன்னால வச்சுச் சொல்லுதான், மைனி, இது சேலைக்கு வசப்படுத வண்டி இல்ல கேட்டியளா. எல்லாரும் சிரிச்சாளுவ. நானும் கூடச் சிரிச்சேன்.

கோபமா? நான் கோபப்பட்டு எனக்க பிள்ளியளே பாத்ததில்ல. விடியதுக்கு முன்ன முழங்கால் போட்டா வெயில் ஏறித்தான் எழும்புவேன். அவனுக்க பேரைச் சொல்லியும் ஜெபிக்கேன். ஆனா சபையில எல்லாரும் சேந்து ஜெபம் சொல்லும்போ மன்னிக்குத பாகம் வரும் பாத்தியா, அந்த இடத்தில மட்டும் எனக்கு ஒரு இருமல் வரும். கொஞ்ச நாளா வருது.

அவசரம் என்னன்னா, வியாழக்கிழமை. ரசலையனுக்கு நெஞ்சில அடைப்பு, நாகர்கோவில்ல ஆபரேஷன். அவனுக்க வீட்டுக்காரி முந்தின நாளே போயி ரூம் எடுக்கா. மக ஷிபா குவைத்தில. அவன் வண்டி ஓட்டப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. டாக்சி பிடிக்கட்டான்னு கேட்டேன், வேண்டாமாம், அண்ணனுக்க வண்டியிலதான் போவானாம். மைனி, நான் பிடிக்க வச்சுத் தாறேன், நீங்க ஸ்டீயரிங் வளையத்தைப் பிடிச்சுட்டு இருந்தா மதின்னு சொல்லுதான்.

அதான் மக்கா. வியாழக்கிழமை காலம்பற அவன் அட்டையை மடக்கிட்டு வரும்போ, வண்டி எனக்க வாசல்ல ஓடிட்டு நிக்கணும். நான் வளையத்தில கை வச்சு இருக்கணும். ஏறு ரசலையான்னு சொல்லணும்.

நல்ல மனசுன்னா சொல்லுத? அப்படிச் சொல்லாத மக்கா, பாவம் சேரும்.

எனக்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது நாலு வருசத்துக்கு முன்ன, ஒரு ஜூன் மாசம், காலம்பற பத்து மணி. நல்ல மழை. ரெஜின் லீவுக்கு வந்திருந்தான். அப்பாவைப் பின்சீட்டில கிடத்திட்டு தாக்கோலைத் திருப்புதான், திருப்புதான், சுத்துதே தவிர பிடிக்கல்ல. பாட்டரியும் தீந்துட்டு. ரசலையன் தேங்காய்ப்பட்டணத்துக்கு மீன் எடுக்கப் போயிருந்தான். பொறவு ஆட்டோ கிடைச்சுது. நாகர்கோவில் வழியில, வில்லுக்குறி வரும்போ எனக்க மடியில தலை சரிஞ்சிட்டு. ரசலையன் வந்து பானட்டுல அடிச்சு அடிச்சு அழுதான், நான் இருந்திருந்தா பிடிச்சிருக்குமேன்னு. எல்லாரும் மழையைக் குத்தம் சொன்னாவ. நானும் மழையைத்தான் சொன்னேன்.

அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை மாத்தினான். மீன் நாத்தமடிச்ச சட்டையை எனக்க வீட்டிலயே போட்டுட்டுப் போனான். நான்தான் அலக்கினேன். பைக்குள்ள இந்தக் கறுத்த துண்டு கிடந்தது. இந்தா, பாரு. ரேடியோவுக்க உறுப்பு ஏதோன்னு நினைச்சு பட்டன் டப்பாவில போட்டேன். ஓட்டப் படிக்கப் போன இடத்தில மாஸ்டர் ஒரு பழைய வண்டியைத் தொறந்து காட்டினாரு, உள்ள இதே மாதிரி ஒண்ணு. ரோட்டராம். இதை உருவிட்டா வேற ஆளு வண்டி எடுக்க முடியாதாம், அந்தக் காலத்தில களவுக்குப் பயந்து அப்படி உருவிட்டுப் போவாவளாம்.

அவிய மரிச்சதுக்கு முந்தின நாள்தான் ரெஜின் ரசலையன்கிட்ட, சித்தப்பா, நீ இல்லாம நான் நாளைக்கு வண்டி எடுக்கேன் பாருன்னு சொல்லியிருந்தான்.

இல்ல, கொல்லணும்னு செய்யல்ல. அதை நான் அறிவேன். அண்ணன்னா அவனுக்கு உயிரு. ஆனா தான் இதை உருவினதாலதான் வண்டி பிடிக்கல்லன்னு பொறவு அவனுக்குத் தெரியும் இல்லியா? யாருக்கும் தெரியாம புதுசு வாங்கி மாட்டினான் இல்லியா? நாலு வருசமா எனக்க கையால சோறு வாங்கித் திங்குதான், வாயைத் தொறக்கல்ல. ரெஜின் இப்பவும் போன்ல அழுவான், அன்னைக்கு நான் சரியாத் திருப்பல்லியோம்மான்னு.

சண்டைக்குப் போமாட்டேன் மக்கா. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். வில்லுக்குறி வந்ததும் ஒரு நிமிசம் ஓரமா நிப்பாட்டி, இந்த ரோட்டரை அவனுக்க கையில வச்சு விரலை மடக்கி விடுவேன். பொறவு நாகர்கோவில் வரைக்கும் மெதுவாப் போவேன். அவன் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. ஓட்டும்போ எனக்குப் பேச்சு வராது.