கேம்பர் சுவரில் கேட்ட இரண்டு தட்டல்

என் பெயர் வெர்லீன் ஹாக்கெட், வயது 76, க/பெ ஆர்லிஸ் ஹாக்கெட். ஆர்கன்சா மாநிலத்தில் பழைய ஜின் ரோட்டில், பருத்தி அரைவை ஆலைக்கு எதிர் வீட்டில் வசித்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், அதற்கு மேல் பருத்திக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியும், கைநாட்டு வைக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் ஏழு பேர், அதில் மூத்தவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கிறாள். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி சொன்னார். எனக்கு முழங்கால் போன பிறகு, உட்கார்ந்தபடி சுற்றிவர இந்தச் சிறிய கோல்ஃப் வண்டியை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான் என்பதால் தேவை என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார்.

நானும் என் கணவரும் குளிர்காலம் முழுவதும் டெக்சாஸில் இந்த ஏரிக்கரை முகாமில் தங்கி, மார்ச்சில் ஊர் திரும்புவது வழக்கம். எங்கள் பிக்கப் வண்டியின் முதுகில், நாங்கள் குடியிருக்கும் சக்கர வீடான கேம்பரின் கழுத்து ஏறி உட்காரும், கேம்பருக்குப் பின்னால் சிறிய டிரெய்லர், டிரெய்லரின் மேல் கோல்ஃப் வண்டி. இப்படி மூன்றாகச் சேர்த்து இழுப்பவர்கள் முகாமில் எங்களைத் தவிர நாலைந்து பேர் உண்டு. பிக்கப்பை ஓட்டுகிறவருக்குக் கேம்பரின் முன்சுவர்தான் தெரியும், அதற்குப் பின்னால் டிரெய்லர் வருகிறதா விழுந்துவிட்டதா என்பது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆகையால் பின்பக்கம் முழுவதும் என் பொறுப்பு. கேம்பரின் வாலில் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. டிரெய்லரின் மூக்கில் உள்ள கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்து, தாழ்ப்பாளை அமுக்கி, அது திறக்காதபடி இரும்புப் பின்னைச் செருகி, இரண்டு சங்கிலிகளையும் மாட்டி, விளக்கு வயரைச் சொருகி, கடைசியாகச் சக்கரத்துக்கு அடை கொடுத்த கட்டைகளை எடுத்த பிறகு நான் கேம்பரின் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவேன். அதைக் கேட்ட பிறகுதான் என் கணவர் வண்டியை எடுப்பார். எடுத்து வளைவு வரை மெதுவாகப் போய் நிற்பார், நான் இடத்தில் ஏதும் விட்டுப் போயிற்றா என்று பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து போய் ஏறிக்கொள்வேன். மற்றவர்கள் போனில் பேசிக்கொள்வார்கள். எங்களுடையது ஆலைக்குப் பருத்தி டிரெய்லர் இழுத்த காலத்துப் பழக்கம், அதை யாருக்கும் சொன்னதில்லை.

நான் தட்டாமல் என் கணவர் ஒரு தடவைகூட வண்டியை எடுத்ததில்லை. அதிகாரி இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஓக்லஹோமாவில் ஒரு தடவை மாட்ட வேண்டியதை எல்லாம் மாட்டிவிட்டு, பக்கத்து இடத்துக்காரி கூப்பிட்டாள் என்று அவள் புதிதாக வாங்கிய அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏன் இறங்கி வந்து பார்க்கக் கூடாது என்று கேட்டதற்கு, "நீ தட்டலையே" என்று மட்டும் சொன்னார்.

டெல்மர் பூத் என்பவரும் அவர் மனைவி ஓபலும் ஓக்லஹோமாக்காரர்கள். பதினோரு குளிர்காலமாக எங்களுக்கு அடுத்த இடம் அவர்களுடையது. ஓபலுக்கும் முழங்கால் சரியில்லை. சாயங்காலம் நாங்கள் இருவரும் கோல்ஃப் வண்டியில் ஏரியைச் சுற்றி வருவோம், ஓபல்தான் ஓட்டுவாள், வேகமாகத்தான் ஓட்டுவாள். வண்டியின் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூக்களைக் கட்டி வைத்ததும் அவள்தான். ஆண்கள் இருவருக்கும் பகல் முழுவதும் ஒருவரை ஒருவர் கேலி செய்வதே வேலை.

சம்பவ நாளான செவ்வாய்க்கிழமை காலையில் நாலு பேரும் எங்கள் இடத்தில் காபி குடித்தோம். டெல்மர் எங்கள் வண்டிகளைப் பார்த்து, "முன்னாடி லாரி, நடுவுல வீடு, கடைசில பொம்மைக் காரு. இன்னும் ஒரு படகையும் கட்டிக்கடா, ரயில்னு சொல்லி டிக்கெட் போடலாம்" என்றார். "மொத டிக்கெட் உனக்குத்தான். போறதுக்கு மட்டும், வர்றதுக்குக் கிடையாது" என்று என் கணவர் சொன்னார். ஓபல் கோல்ஃப் வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகும்படியும், ஏப்ரல் வரை தான் சோறு போட்டு வளர்ப்பதாகவும் சொன்னாள். அதன் பின்பு, எச்சில் பாத்திரத்தோடு நான் பயணம் போகக் கூடாது என்று சொல்லி எங்கள் காபிப் பாத்திரத்தை அலசுவதற்காக எடுத்துக்கொண்டு கீழே குழாயடிக்குப் போனாள். எங்கள் இடம் ஏரியைப் பார்த்துச் சரிந்த இடம், மேலே ஏரிக்கு முதுகு காட்டி டிரெய்லர் நின்ற இடத்தில் சரிவு மிக லேசு, கீழே போகப் போக அதிகம். குழாய் சரிவின் அடியில், சிமெண்டுத் தூணில் இருக்கிறது.

அதன் பின்பு என் கணவர் பிக்கப்பில் ஏறிக்கொண்டார், நான் டிரெய்லரிடம் போனேன். கோல்ஃப் வண்டியை நாலு வார்ப்பட்டைகளால் முந்தின நாளே இறுக்கிக் கட்டியிருந்தேன். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. பிக்கப்பை மறுபடி பின்னால் வரச் சொல்வதற்குப் பதிலாக, சக்கரத்துக் கட்டைகளை எடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்து டிரெய்லரை நானே இழுத்துப் பொருத்தினேன். கட்டைகள் கடைசியில்தான் எடுக்கப்பட வேண்டும். முதலில் எடுத்தது நான், அதை மறைக்கவில்லை. கிண்ணம் குண்டின் மேல் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் துருப்பிடித்து அமுங்க மறுத்தது. இரும்புப் பின் என் மேல்சட்டைப் பையில் இருந்தது, சங்கிலிகள் தரையில் கிடந்தன. மூக்கைத் தாங்கும் சிறிய சக்கரத்தை இன்னும் முழுதாக மேலே தூக்கவில்லை. எண்ணெய் எடுப்பதற்காகக் கேம்பரின் வலப்பக்கப் பெட்டிக்குப் போய், குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். நான் தட்டாதவரை வண்டி நகராது என்பதால் எனக்குப் பயம் இல்லை.

வண்டி மாட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எல்லா முகாமிலும் உள்ள வழக்கம், டெல்மரும் அதற்குக் கட்டுப்பட்டவர். அதனால் அவர் என்னிடம் வராமல், இடப்பக்கம் ஜன்னலுக்குப் போய் என் கணவரிடம் கைகொடுத்து விடைபெற்றார். அவர் குரல் எனக்குக் கேட்டது. அதன் பின்பு அவர் கேம்பரின் இடப்பக்கமாகவே பின்னோக்கி நடந்து வருவது, கேம்பருக்கு அடியில் அவர் கால்கள் தெரிந்ததால் எனக்குப் புரிந்தது. அதன் பின்பு கேம்பரின் சுவரில் இரண்டு தட்டல் கேட்டது. பெட்டியில் தலையை விட்டிருந்ததால் எனக்கு அது காதுக்குள்ளேயே தட்டியது போல இருந்தது. ஊருக்குப் போகிற குதிரையை முதுகில் தட்டி அனுப்புவது போல அவர் தட்டினார், வேறு எண்ணம் அவருக்கு இல்லை.

நான் நிமிர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், டீசல் எஞ்சின் சத்தத்தில் என் கணவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. நான் பின்பக்கம் சுற்றி வந்தபோது கேம்பர் குண்டோடு முன்னால் போய்விட்டது, டிரெய்லர் தன் சிறிய சக்கரத்தில் நின்று, ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பின்பு சரிவில் இறங்க ஆரம்பித்தது. மூக்கைப் பிடித்தேன், என் கையுறை மட்டும் அதில் மாட்டிக்கொண்டு போயிற்று. டெல்மர் ஓபலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். ஓபல் குழாயைத் திறந்து விட்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கடைசியில்தான் திரும்பினாள். கையில் காபிப் பாத்திரம் இருந்தது. அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தூண்.

நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு இருந்தது, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் நின்றுவிட்டது. குழாயை யாரும் மூடவில்லை. கோல்ஃப் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை, நான் கட்டிய வார்ப்பட்டைகள் ஒன்றும் தளரவில்லை, பூக்களும் அப்படியே இருந்தன.

என் கணவர் வளைவில் நின்று, நான் வராததைக் கண்டு, இறங்கி ஓடி வந்தார். டெல்மர் ஓபலின் தலையை மடியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்து, "ஏன்டா எடுத்த? யாருடா உன்னைப் போகச் சொன்னா?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எண்ணெய் டப்பாவோடு நின்றிருந்தேன், தலையை இல்லை என்று ஆட்டினேன். அதன் பின்பு அவர் டெல்மரின் வலது கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன்" என்று சொன்னார்.

இதையேதான் அவர் போலீசாரிடமும் சொல்லி, அன்றே கைது செய்யப்பட்டார். மனைவியின் சைகைக்குக் காத்திராமல், அவசரத்தில், தெரிந்தே எடுத்தேன் என்று அவரே சொல்லிவிட்டதால் சிறைத்தண்டனையிலிருந்து தப்புவது கடினம் என்று எங்களுக்காக வந்த வக்கீல் சொன்னார். என் கணவருக்கு வயது 79. நெஞ்சில் இரண்டு தடவை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வயதாகி மூளை கலங்கிப்போனவர் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டலாமா என்று முகாமில் பேசிக்கொள்கிறார்கள், என் காதுபடவே பேசினார்கள்.

நேற்று அவரைச் சிறையில் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார், போனில் பேசினோம். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சொன்னதற்கு, "வாய மூடிக்கிட்டு ஊருக்குப் போ கிழவி. எனக்கு இன்னும் எத்தனை வருஷம்? அவனுக்குப் பொண்டாட்டியும் போயாச்சு. அந்தக் கையையும் அவங்கிட்டக் காட்டிக் குடுத்தா, அந்தக் கையால எப்படிச் சாப்பிடுவான்?" என்று கேட்டார். நேரம் முடிந்ததாகச் சொல்லி அவரை எழுப்பிக்கொண்டு போனார்கள். எழும்போது கண்ணாடியில் அவர் தட்டவில்லை, வழக்கமாக விடைபெறும்போது எதையாவது தட்டுகிறவர்.

அவர் சொன்னபடி ஊருக்குப் போய்விடத்தான் இரவு முழுவதும் நினைத்தேன். ஆனால் நான் தட்டாமல் எடுத்தார் என்று ஒரு காகிதத்தில் இருக்கக் கூடாது. ஐம்பத்தேழு வருஷம் நான் சொல்லாமல் அவர் ஓர் அடி நகர்ந்ததில்லை. பேரப்பிள்ளைகள் நாளைக்குப் படித்துப் பார்க்கிற காகிதம் அது. அவர் பொய் சொன்னது டெல்மருக்காக. அதை நான் உடைக்கிறேன் என்று தெரிந்துதான் இங்கே வந்தேன்.

டெல்மருக்கு அந்தத் தட்டலின் அர்த்தம் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். பதினோரு வருஷமாக நாங்கள் புறப்படுவதைப் பார்த்திருக்கிறார், ஆனால் முன்பக்கம் நின்று ஆர்லிஸுக்குக் கைகாட்டுவாரே தவிர, பின்பக்கம் நான் செய்வதைக் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தட்டியிருக்க மாட்டார். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவரைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை.

இந்த வாக்குமூலத்தை டெல்மரிடம் காட்டுவார்களா என்று கேட்டேன். விசாரணையில் அவரிடமும் கேட்கத்தான் வேண்டும், இன்றே கேட்கலாம், அவர் வெளியே வராந்தாவில்தானே இருக்கிறார் என்று அதிகாரி சொன்னார். அது உண்மை. எனக்குப் பிக்கப் ஓட்டத் தெரியாது. இன்று காலையில் நான் இங்கே வர வேண்டும் என்றதும் என்ன ஏது என்று கேட்காமல் என்னைத் தன் வண்டியில் கூட்டி வந்தவர் டெல்மர்தான். "அவன் மேல எனக்குக் கோவம் இருக்கு, வெர்லீன். உன் மேல எதுக்கு?" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பிப் போவதும் அவர் வண்டியில்தான். சனிக்கிழமை ஓபலின் அடக்கம். அதிகாரியிடம், இன்று அவரைக் கூப்பிட வேண்டாம் என்றும், அவர் அதை ஒரு போலீஸ்காரர் வாயால் கேட்கக் கூடாது, போகிற வழியில் நானே சொல்லிவிடுகிறேன் என்றும் கேட்டுக்கொண்டேன். அதிகாரி நாளை காலை வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான், யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதிகாரி வாசித்துக் காட்டினார், அதன் பின்பு நானும் ஒரு தடவை வாங்கி முழுவதும் படித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் டெல்மர் "அடித்தார்" என்று எழுதியிருந்தது, அதை அடித்துவிட்டு "தட்டினார்" என்று எழுதச் சொன்னேன், எழுதினார். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வெர்லீன் ஹாக்கெட்