வெற்று வில்லைக்கு ஒரு பாராட்டுரை

விழாவுக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு சுருக்கமாக முடியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! இன்று வெளியாகும் பச்சை மருந்தைப் படைத்தவரும், என் அக்காவைக் கைப்பிடித்தவருமான அத்தான் அவர்களே! முன்வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அருமை அக்கா அவர்களே! வயதிலும் வைத்தியத்திலும் மூத்த பெரியோர்களே! வாசலில் தந்த இலவசப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, நல்லவேளையாக இன்னும் திறக்காத தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வாய் திறக்கும் முன்பே கைதட்டினீர்கள். நன்றி. அந்தக் கைதட்டலைத் தனியாக எடுத்து வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

கிருமிகளோடு குடித்தனம் நடத்தும் ஆய்வகத்துக்காரி நான். இன்று எனக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்று. 'புண்ணை ஆற்றும் இம்மருந்து ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டு அமர வேண்டும். பாட்டிலில் அந்த வரி ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஆய்வுதான் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.

எப்படிச் சோதித்தோம்? கண்ணாடித் தட்டில் கிருமிகளைப் பரப்பினோம். இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து அத்தான் வடித்த மருந்தில் ஒரு காகித வில்லையை நனைத்து, நடுவே வைத்தோம். மறுநாள் பார்த்தால், வில்லையைச் சுற்றிக் கிருமியே முளைக்காத வட்டம்! நிலவைப் போன்ற வட்டம்!

அத்தான் துள்ளினார். "பாத்தியா! ஒண்ணு கூடக் கிட்ட வரல. பயந்து ஓடிடுச்சு!"

"ஓடல அத்தான், செத்துப்போச்சு."

"அது இன்னும் நல்லதாச்சே!"

பக்கத்தில் இன்னொரு தட்டு. அங்கும் ஒரு வில்லை. அங்கும் அதே அளவு வட்டம். "இதுவும் நம்ம மருந்துதானே?" என்றார். "இல்ல அத்தான். இது இலையே போடாத வெறும் ஸ்பிரிட்" என்றேன். அத்தான் இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்போ நம்ம மருந்தோட குணம் ஸ்பிரிட்டுக்கும் வந்துடுச்சு!"

சிரிக்காதீர்கள். ஆய்வகத்தில் நான் சிரிக்கவில்லை.

கொன்றது யார்? இலையா? இல்லை. கொன்றது ஸ்பிரிட். இலை என்ன செய்தது? பச்சை நிறம் கொடுத்தது. ஸ்பிரிட்டை உலரவிட்டு இலைச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தோம். கிருமிகள் வில்லையின் விளிம்பு வரை வந்து வீடு கட்டிக்கொண்டன.

ஆகவே பெரியோர்களே, என் பாராட்டு இலையே படாத அந்த வெற்று வில்லைக்கே! மருந்தில்லாத வில்லையே! மாயை கலைத்த வில்லையே! யாருக்கும் உறவில்லாததால் யாருக்கும் அஞ்சாத வில்லையே! வாழ்க நீ!

யார் அது? மூன்றாம் வரிசையில் தையல்காரர் அண்ணன் மூடியைத் திருகுகிறார். அண்ணே, விரல்ல ஊசி குத்தியிருக்கா? சரி, அந்தப் பாட்டில மட்டும் கீழ வைங்க. சோப்புப் போட்டுக் கழுவுனாப் போதும்.

"முன்னோர் சொன்னதைச் சந்தேகப்படலாமா?" என்கிறார் அண்ணன். நல்ல கேள்வி! அந்த முன்னோருக்கு யார் சொன்னது? கிள்ளினார்கள், முகர்ந்தார்கள், நுனிநாக்கில் வைத்துக் காத்திருந்தார்கள். சோதிக்காமல் வாய்நிறைய விழுங்கியவர்களும் அன்று இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வாரிசு இல்லை. ஆகவே அவர்கள் நம் முன்னோர் அல்லர்.

கிருமியைக் கொல்வது பெரிய வித்தையா? நெருப்பும் கொல்லும். யாராவது நெருப்பை அள்ளிப் புண்ணில் பூசுவோமா? கிருமி சாக வேண்டும், தோல் பிழைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மருந்து. தோலில் பூசிப் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது தயங்காமல் கை நீட்டிய வீரர் அத்தான். மறுநாள் அந்தக் கை சிவந்து கொப்பளித்தது. "எரியுதுன்னா உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். இந்தப் புழுக்கத்திலும் அவர் ஏன் முழுக்கைச் சட்டையில் வீற்றிருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று அக்கா கேட்டாள்: "வீட்டு மனுஷருக்காக ஒரு வரி சொன்னா, உன் நாக்கு தேஞ்சா போயிடும்?" என் நாக்கு தேயாது அக்கா. ஊரார் தோல் உரியும். முதல் ஆளாக உன் வீட்டுக்காரர் தோல் உரிந்திருக்கிறது.

என்ன அத்தான், எழுந்துவிட்டீர்கள்? சொல்வதை மைக்கிலேயே சொல்லுங்கள். அடடா, சட்டைக் கையையே மடித்துவிட்டார்! பாருங்கள், தாய்மார்களே. கேட்டீர்களா அவர் சொன்னதை? "யாரும் போடாதீங்க. எனக்கு இன்னும் எரியுது." இந்த மருந்துக்குக் கிடைத்த முதல் நேர்மையான சான்றிதழ் இதுதான். அதை வழங்கியவர் மருந்தைச் செய்தவரே. இன்றைய விழாவில் உண்மையான நாயகர் யார் என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

இலையின் மீது எனக்குப் பகையில்லை. வெற்று வில்லையைப் பந்தயத்தில் வென்ற இலைகளை நான் கண்டிருக்கிறேன். இந்த இலையையும் நாளை முதல் வெறும் நீரில் கொதிக்கவைத்துப் பார்க்கப்போகிறோம். சோதிப்பது அவமதிப்பா? இல்லை! சோதிக்காமல் புகழ்வதே அவமதிப்பு! இலையை மதிக்கிறவர் அதைத் தட்டில் வைப்பார். மனிதரை மதிக்கிறவர் அதன் பிறகே தோலில் வைப்பார். அது வெல்லும் நாளில் அழையுங்கள். அந்த ஒரு வரியை ஊரதிர உரைப்பேன்.

நிறைவாக, எடுத்து வைத்த கைதட்டலுக்கு வருகிறேன். நான் எதுவுமே பேசாமல் கிடைத்தது அது. என் வெற்று வில்லை. இப்போது தட்டுவது அதைவிடப் பலமாக இருந்தால்தான் என் பேச்சில் சத்து இருந்ததாகப் பொருள். ஆனால் பாட்டில் பிடித்த கையால் தட்ட முடியாது. ஒவ்வொருவராக வந்து இந்த மேசையில் பாட்டிலை வைத்துவிட்டு, காலியான கைகளால் தட்டுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அத்தானுக்குக் கூடுதல் நன்றி. வணக்கம்.

அண்ணே, முதல்ல நீங்க வாங்க.