நம்ம கம்பெனி டீ-சர்ட்டு

இழுக்காதீங்க. பொண்ணு குடுக்கலாமா வேண்டாமா, அதானுங்க கேக்க வந்தீங்க? டீக்கடையில உக்காந்துட்டு மழை, தென்னைன்னு பேசிட்டே இருக்கறீங்க. உங்கூரு கொமரலிங்கத்துல மழை பேஞ்சா எனக்கென்னங்க.

ஆமாங்க, எதிர்க்க தெரியற பனியன் கம்பெனிதான். தனபால் கம்பெனி. நல்லா ஓடுது. பையன் யுவன், அமெரிக்காவுல கிரீன் கார்டு. அத்தனையும் நெசந்தான்.

கிரீன் கார்டுன்னா அந்த நாட்டுப் பிரஜை இல்லீங்க. இருந்துக்கலாம். தப்புப் பண்ணாத வரைக்கும்.

பண்ணிப்போட்டான்.

கொலையா? அட, நீங்க வேற. டீ-சர்ட்டு. அங்க ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கறான். பாத்தா, அப்பன் கம்பெனியில தெச்ச உருப்படி தொங்குது. இங்க இருந்தப்ப அவனே பாத்து சாம்பிள் அனுப்புன டிசைன். இங்கிருந்து என்ன வெலைக்குப் போச்சுன்னு அவனுக்குத் தெரியும். அங்க மாட்டியிருந்த வெலையப் பாத்ததும் பத்திக்கிச்சு. எங்கப்பன் துணிக்கு நான் எதுக்குடா காசு குடுக்கோணும்னு அதை மேல மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டான்.

புடிச்சுட்டாங்க. கோர்ட்டு. அப்பனுக்குப் போன் பண்ணிக் கேட்டான். தனபாலுக்குத் தெரிஞ்ச கோர்ட்டு ஆத்துல சாயத்தண்ணி உட்ட கேசு நடக்கற கோர்ட்டுதான். ஒத்துக்கோ, பைனைக் கட்டு, வேலையப் பாருன்னாப்ல. அப்பிடியே பண்ணுனான். அடுத்த வருசம் வேற கடை, அதே டீ-சர்ட்டு, நீலக் கலரு. மறுபடியும் ஒத்துக்கிட்டான்.

சிரிக்காதீங்க. செரி, சிரிங்க. நானும் சிரிச்சேன்.

அப்பறந்தான் வக்கீலைப் போயிப் பாத்திருக்கறான். ஜட்ஜு பைனோட உட்டது வேற, குடியேத்த ஆபீஸ்காரன் பாக்கறது வேறயாம். அந்த நாட்டுக்காரன் திருடுனா பைனோட போச்சு. வந்து குடியிருக்கறவன் ரெண்டு தடவை ஒத்துக்கிட்டா, நாட்டை உட்டே தொரத்தலாமாம். இன்னும் கூப்புடலைங்க. சத்தமில்லாம இருந்துக்கிட்டாத் தப்பிச்சான். வெளிய வந்துட்டுத் திரும்பப் போனா ஏர்போர்ட்டு கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துரும்.

அதுக்குத்தானுங்க கலியாணத்தை அங்கயே வெச்சுக்கலாம்ங்கறது. நகை வேண்டாம்னாங்களா? பாத்தீங்களா! உங்க பொண்ணு அங்கதான் படிக்குதுன்னீங்கல்ல, அதுதானுங்க அவங்களுக்கு நகை. இல்லாட்டி கொமரலிங்கம் எந்தப் பக்கம்னு தனபாலுக்குத் தெரியுமா?

நாளைக்கே இவனை ஏத்தி அனுப்பிட்டாங்கன்னு வைங்க. உங்க பொண்ணு படிப்பைப் பாக்குமா, புருசங்கூட வருமா? நீங்களே சொல்லுங்க.

பையன் மேல வேற கொறை இல்லீங்க. குடிக்க மாட்டான். கோவம் மட்டும் மூக்கு மேல இருக்கும்.

பையன் ஊருக்கு வர லீவு கெடைக்கலையாமா? உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாங்களா? போன தையில அவங்கம்மா பூங்குழலி செத்துப்போச்சு. டிக்கெட்டுப் போட்டு ஏர்போர்ட்டு வரைக்கும் போயிட்டான். ஏறுனாத் திரும்ப முடியாதுன்னு வக்கீலு சொல்லியிருக்கறான். அப்பனும் ஏறாதேன்னுட்டாப்ல. கிரீன் கார்டு போச்சுன்னா சொந்தபந்தத்துல தலை காட்ட முடியாதாம். பெத்த தாய்க்குக் கொள்ளி வெக்காம இருந்தாக் காட்டலாமாட்ட இருக்குது. அவன் வேலை பாக்கற கம்பெனியில லீவு இல்லைன்னதும், அப்பிடீங்களான்னு எல்லாரும் தலையாட்டிட்டுப் போனாங்க.

சுடுகாட்டுல ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான். அதுக்குள்ள இருந்து பையன் கத்தறான், கிட்டப் புடி, இன்னும் கிட்டப் புடின்னு. எத்தனை கிட்டத்துல புடிக்கறது? தீ எரியுதுல்ல.

இத்தனையும் எனக்கெப்பிடித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க. விசாரிக்க வர்றவங்க இந்தக் கடையிலதான் கேப்பாங்க, பக்கத்து ஊட்டுக்காரராட்ட உக்காந்து நல்லவிதமாச் சொல்லுங்க மாமான்னு மாப்பிள்ளைதான் என்னை இங்க உக்கார வெச்சுட்டுப் போனாப்ல.

எந்த மாப்பிள்ளையா? தனபாலுங்க. செத்துப்போன பூங்குழலி எம்புள்ள. செல்போனைப் புடிச்சுக்கிட்டு நின்னவன் நாந்தான்.