இரண்டாம் வார்டுக்கு நான் நிரப்பியது

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் இந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து தருகிறேன் என்று நீங்கள் சொன்னபோது வேண்டாம் என்றேன். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவளுக்குப் புரிய வேண்டுமே என்று இருபத்திரண்டு வருடம் எழுதிப் பழகிய கை. அடித்தல் திருத்தல் இருக்காது.

மென்று விழுங்காமல் முதலிலிருந்தே சொல்கிறேன், விசாரணை அதிகாரி ஐயா. இந்த ஆஸ்பத்திரியில் கடந்த பதினொரு வருடமாகத் தொற்றுத் தடுப்பு நர்ஸ் நான்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நாலாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டியவர், தையலில் சீழ் வைத்து நாற்பது நாள் படுத்துக் கிடப்பார். அது அவர் கொண்டுவந்த நோயல்ல, நாங்கள் கொடுத்தது. ஒருவர் காயத்தைத் தொட்ட கை கழுவாமல் அடுத்தவர் காயத்துக்குப் போகும். கை கழுவும் தொட்டி வார்டு வாசலில் ஒன்றே ஒன்று. முப்பது கட்டில். யார் முப்பது தடவை வாசலுக்கு நடப்பார்கள்? ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சானிடைசர் பாட்டில் மாட்டுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். பெரிய டாக்டர் ஒருநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வெளியூர்க் கதையெல்லாம் வேணாம்மா. நம்ம ஆஸ்பத்திரியில ஆதாரம் காட்டுங்க."

காட்டுகிறேன் என்றேன். ஆறு மாத ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்க இரண்டு வருடம் நாயாக அலைந்தேன். அறுவை சிகிச்சை வார்டுகள் இரண்டு, ஒரே அளவு, ஒரே டாக்டர்கள். நோயாளி எந்த வார்டுக்கு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வோம். ஒன்றாம் வார்டில் கட்டிலுக்கு ஒரு பாட்டில். இரண்டாம் வார்டு வழக்கம்போல. ஒன்றாம் வார்டில் சீழ் பாதியாகக் குறைந்தால் நிர்வாகத்தின் பதினெட்டு ஆஸ்பத்திரிகளிலும் பாட்டில் மாட்ட வேண்டும். பெரிய டாக்டர் அந்த அனுமதிக் கடிதத்தில் கையெழுத்தே போட்டார்.

முதல் இரண்டு மாதத்தில் ஒன்றாம் வார்டில் நாலு பேருக்குச் சீழ், இரண்டாம் வார்டில் பதின்மூன்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் மாதம் சோப்பக்கா குறுக்கே வந்தாள். இரண்டாம் வார்டின் தலைமை நர்ஸ் அவள். நாங்கள் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், விடுதியில் ஒரே அறை. கை கழுவி முடித்ததும் குழாயின் திருகையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மூடுவாள். அதனால் அந்தப் பெயர். அவள் ஸ்டோர்காரரை நச்சரித்துத் தன் வார்டுக்கும் பாட்டில் வாங்கி மாட்டிவிட்டாள். நான் போய்ச் சண்டை போட்டேன்.

"உன் ஆராய்ச்சி முடியற வரைக்கும் என் பேஷன்ட் சீழ் புடிச்சுக் கெடக்கணுமாடி?" என்றாள்.

வார்டு தானாக எடுத்துக்கொள்ளும் எந்த நல்ல ஏற்பாட்டையும் ஆராய்ச்சிக்காரர் தடுக்கக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே இருந்தது. சரி என்று தலையாட்டினேன். அந்த மாதம் ஒன்றாம் வார்டில் இரண்டு பேர், இரண்டாம் வார்டிலும் இரண்டே பேர்.

இரண்டாம் வார்டுக்கும் பாட்டில் வந்ததை என் அறிக்கையில் நான் சொல்லவில்லை. அதையே எழுதியிருக்கலாமே, பாட்டில் வந்ததும் அங்கேயும் குறைந்தது என்பதே ஆதாரம்தானே என்று நேற்று கேட்டீர்கள். நீங்கள் எங்கள் கூட்டங்களில் உட்கார்ந்ததில்லை. ஆராய்ச்சி கெட்டுப்போச்சு, மறுபடி முதலிலிருந்து வாங்க என்பார்கள். இன்னொரு பதினொரு வருடம் ஓடும். அந்தப் பதினொரு வருடத்தில் சாகிறவர்களுக்கு யார் பொறுப்பு? அவர்களுக்காக யாரும் விசாரணை வைப்பதில்லை.

ஆகவே, இரண்டாம் வார்டுப் பாட்டில்களை இனி என் அறையிலேயே நிரப்பித் தருகிறேன் என்று ஸ்டோர்காரரிடம் சொன்னேன். ஒரு வேலை குறைந்தது என்று அவருக்குச் சந்தோஷம். நாலாம் மாதத்திலிருந்து நான் நிரப்பினேன். வாசனைக்குக் கொஞ்சம் ஸ்பிரிட், நிறத்துக்கு ஒரு சொட்டு நீலம், மீதி தண்ணீர். கையில் ஈரம் சட்டென்று காயவில்லையே என்று நர்ஸுகள் கேட்டார்கள். தோல் வெடிக்காமல் இருக்கப் புது மாதிரி வந்திருக்கிறது என்றேன். பரவாயில்லையே, நம் கையைப் பற்றியும் யாரோ யோசித்திருக்கிறார்களே என்று ஒருத்தி நன்றி சொன்னாள்.

தண்ணீர் விஷமல்ல. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வார்டு பழைய நிலைக்குத் திரும்பும், மாதம் ஆறோ ஏழோ பேர் என்றுதான் கணக்குப் போட்டேன். ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கையெட்டும் தூரத்தில் பாட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் வாசல் தொட்டிக்குப் போகவில்லை. முன்பு அரைகுறையாகவாவது சோப்புப் பட்ட கைகள், இப்போது தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போயின. நாலாம் மாதம் பன்னிரண்டு பேர். ஐந்தாம் மாதம் பதினேழு. ஆறாம் மாதம் பத்தொன்பது. ஒவ்வொரு நாளும் காயங்களைப் பார்த்து நானே பதிந்தேன். எந்த எண்ணிக்கையையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. என் பதிவேட்டை எவரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், ஒரு தவறு கண்டுபிடிக்க முடியாது.

மூன்று பேர் வீடு திரும்பவில்லை. குடல்வாலுக்கு வந்த தையல்காரர். பித்தப்பைக் கல்லுக்கு வந்த கணக்கு டீச்சர். பள்ளி வேன் ஓட்டியவர், அவருக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது, பதினான்கு, இருபத்தாறாம் கட்டில்கள். நான் கல்நெஞ்சக்காரி அல்ல. டீச்சரின் கணவர் பையை எடுத்துக்கொண்டு போனபோது வாசல் வரை கூடவே நடந்தேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் சோப்பக்கா என் அறைக்கு வந்தாள். இரண்டு கையும் சிவந்து விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை தேய்க்கிறாளாம்.

"எல்லாம் சரியாத்தானே பண்றேன்? என் கையிலதான் ஏதோ இருக்குடி. எடுத்துப் பாத்துச் சொல்லு."

எடுத்தேன். வேறென்ன செய்வது? பஞ்சுக் குச்சியால் அவள் உள்ளங்கையைத் துடைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து வைத்தேன். இரண்டாம் நாள் தட்டு முழுக்க வளர்ந்திருந்தது. டீச்சரின் காயத்தில் இருந்த அதே கிருமி. தட்டை அவளிடம் காட்டினேன். பொய்த் தட்டு அல்ல அது, அவள் கையிலிருந்து எடுத்ததுதான். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கையால் தொடாமல் எழுந்து போனாள். ஆறாம் மாதம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சோப்பக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. இவள் தூக்க மாட்டேன் என்றாள். மகள் அழுது மன்றாடியதும், வார்டிலிருந்து கொண்டுவந்த கடைசி பாட்டிலை எடுத்துத் தேய்த்துக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகன் அதை மோந்து பார்த்து, அத்தே, இது காயவே மாட்டேங்குதே, வெறும் தண்ணியாச்சே என்றாராம். பாட்டில் உங்கள் மேசைக்கு வந்தது இப்படித்தான். குழந்தையை இன்னும் அவள் தூக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அது அவள் பிடிவாதம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்றீர்கள். எதற்கு? பதினெட்டு ஆஸ்பத்திரிகளிலும் இன்று கட்டிலுக்குக் கட்டில் பாட்டில் தொங்குகிறது. அதில் இருப்பது அசல் மருந்து. ஒரே வருடத்தில் சீழ் பாதிக்கும் கீழே போய்விட்டது. நல்லபடியாக வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களை ஒருவரும் எண்ணவில்லை, நான் எண்ணினேன். என் ஆராய்ச்சியை ரத்து செய்து அந்தப் பாட்டில்களைக் கழற்றப் போகிறீர்களா? தைரியம் இருந்தால் கழற்றிப் பாருங்கள். வேலையைப் பறியுங்கள், ஜெயிலில் போடுங்கள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். தெரிந்தே எவர் உயிரையும் பணயம் வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆபத்து இருக்கும் என்று கடைசி வாரம் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

மிச்சம் இருப்பது இன்று காலை நீங்கள் கேட்ட கேள்வி. ஐந்தாம் மாதம் இரண்டாம் தேதி, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒருவருக்கு இரண்டாம் வார்டுச் சீட்டு விழுந்து, ஒரு மணி நேரத்தில் ஒன்றாம் வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். ஆறு மாதத்தில் அப்படி மாறியது அவர் ஒருவர்தான். ஆமாம், அவர் என் கணவர். மாற்றியது நான். சோப்பக்கா கட்டிலுக்குப் புது விரிப்பெல்லாம் போட்டு வைத்திருந்தாள், உன் வீட்டுக்காரரை நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னாள். அவர் கையைப் பிடிக்க வந்தவளை நான் தள்ளிவிட்டேன் என்று அவள் சொல்லியிருப்பதும் உண்மைதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒன்றாம் வார்டில் காற்று நன்றாக வரும்.