பூ வைக்க வந்தவர்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மஞ்சள் சேலை கட்டியவர் உட்கார்ந்ததும் சொன்னார்.

“கல்யாணம் பேசிப் பூ வைக்க வந்தாகள்ல, எம்மக தலையக் குனிய மாட்டேன்னுட்டா.”

“ஏங்க்கா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“இஞ்சினியரிங் சீட்டு கெடச்சிருக்கு, மொதல்ல படிப்புத்தான்னா.”

“அவ பன்னெண்டாவதுல காமர்ஸ் குரூப்புல்ல? எப்படிச் சீட்டு குடுத்தாக?”

“அதுக்குத்தான மூணு வருசம் பாலிடெக்னிக் போனா. அத முடிச்சா நேரா ரெண்டாம் வருசத்துல சேத்துக்கிடுவாக. பத்தாவது முடிச்ச பொடிசுக கூடப் போயி உக்காரப் போறியான்னு அன்னைக்கு நீயே அவளக் கேலி பண்ணல?”

“பண்ணுனேந்தான். அண்ணன் என்ன சொன்னாக?”

“அவுக மொகத்தப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு. மாப்பிள்ள வீட்டாளுக எந்திரிச்சிட்டாக. இவுக நிதானமா, ‘எல போட்டாச்சு, சாப்பிட்டுப் போங்க. எம்மக படிக்கப் போறா’ன்னாக.”

“சாப்பிட்டாகளா?”

மஞ்சள் சேலைக்காரர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“பின்ன? இஞ்சினியருல்ல பரிமாறுனா.”